எங்கள் ஊர் ஃபியூனரல் ஹோம் யாருடையது? பலகையில் ஒரு பெயர், பில்லில் வேறு பெயர்

மேப்பிள்தெரு:

எல்லோருக்கும் வணக்கம். இந்தியானாவின் வடக்கே, மிச்சிகன் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார். மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஃபியூனரல் ஹோமில்தான், அதாவது இறுதிக் காரியங்களை ஏற்று நடத்தும் இடத்தில்தான், எல்லாம் நடந்தது. தூண் வைத்த பெரிய வெள்ளை மரவீடு, வாசலில் ஒரு ஜெர்மன் குடும்பத்தின் பெயர், அதற்குக் கீழே நான்கு தலைமுறையாக நடத்துகிறோம் என்று ஒரு வரி. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒருவரையும் அங்கே காணவில்லை. பெரியவரின் மனைவி அப்புறம் பில்லைக் காட்டினார். அடியில் பொடி எழுத்தில் வேறு மாநிலத்து முகவரியோடு ஏதோ ஒரு கம்பெனி பெயர். அந்த அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. மாமனார், மாமியார், சின்ன வயதிலேயே போய்விட்ட ஒரு மகன் என்று எல்லோருக்கும் அந்தக் குடும்பம்தான் கூட நின்று காரியம் செய்ததாம், அந்த நம்பிக்கையில்தான் வேறு எங்கும் விசாரிக்காமல் அங்கே போனேன் என்கிறார்.

இங்கே பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டால் அந்த இடம் முதலில் மேஜை நாற்காலி விற்கும் கடையாக இருந்ததாம். நாற்காலிக் கடைக்கும் சாவு வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. இந்தத் தொழில் சின்ன ஊர்களில் எப்படி ஆரம்பித்தது, எப்படிக் குடும்பங்கள் கையை விட்டுப் போனது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் அப்பா அம்மாவும் இப்போது எங்களோடுதான் இருக்கிறார்கள், இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இதை வெறும் ஆர்வத்துக்காக மட்டும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஏட்டுச்சுவடி:

வணக்கம் நண்பரே. நான் ஓஹாயோவில் ஒரு கவுண்டி நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் வேலை பார்க்கிறேன், இந்தக் கேள்வியோடு எங்களிடம் அடிக்கடி ஆட்கள் வருவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது சரிதான். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சிற்றூர்களில் சாவு வீட்டிலேயேதான் எல்லாம் நடக்கும். குளிப்பாட்டுவது, உடுத்துவது எல்லாம் வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும். முன்னறையில் கிடத்தி வைப்பார்கள். வெளியிலிருந்து தேவைப்பட்டது இரண்டே இரண்டு, ஒன்று பெட்டி, இன்னொன்று வண்டி. பெட்டிக்கு ஊரில் அலமாரி, கட்டில் செய்கிற தச்சரிடம் போனார்கள். வண்டிக்கு வாடகைக் குதிரை லாயக்காரரிடம் போனார்கள். இந்த இரண்டு தொழில்காரர்களும்தான் மெதுவாக அண்டர்டேக்கர், அதாவது இறுதிக் காரியத்தை ஏற்று நடத்துபவர், ஆனார்கள். அதனால்தான் அந்தக் காலத்துக் கடைப் பலகைகளில் ஃபர்னிச்சரும் அண்டர்டேக்கிங்கும் ஒரே வரியில் இருக்கும். உங்கள் மாநிலத்திலேயே பேட்ஸ்வில் என்ற ஊர் இருக்கிறது பாருங்கள், அது மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்த சவப்பெட்டிக் கம்பெனியை 1906இல் ஜான் ஹில்லன்பிராண்ட் வாங்கினார், அதுதான் நாட்டிலேயே பெரிய பெட்டித் தயாரிப்பாளராக வளர்ந்தது. அதையும் ஹில்லன்பிராண்ட் நிறுவனம் 2023இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

தச்சர் கடையைத் தனித் தொழிலாக மாற்றியது எம்பாமிங், அதாவது உடம்புக்குள் மருந்து ஏற்றிக் கெடாமல் வைப்பது. உள்நாட்டுப் போர்தான் அதற்குக் காரணம். தெற்கே செத்துப்போன சிப்பாயை வடக்கே ரயிலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், கோடை வெயிலில் உடம்பு தாங்காது. 1861 மே மாதம் வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவில் சுடப்பட்ட கர்னல் எல்ஸ்வொர்த்தின் உடலைத் தாமஸ் ஹோம்ஸ் என்பவர் பதப்படுத்தினார், அது பெரிய செய்தியானது. அதற்கப்புறம் போர்முனைக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டு இதைச் செய்ய ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் 1865இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி லிங்கனின் உடல். வாஷிங்டனிலிருந்து அவர் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டு வரை ரயிலில் ஏறத்தாழ 1,650 மைல், ஊர் ஊராக நிறுத்தி மக்கள் பார்த்தார்கள். அந்த ரயில் மே 1ஆம் தேதி காலையில் உங்கள் பக்கத்து மிச்சிகன் சிட்டியிலும் நின்றது. இறந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆன உடலை மக்கள் கண்ணால் பார்க்க முடிந்தது என்றால் அது சாதாரண மக்கள் மனதில் என்ன மாற்றத்தை உண்டாக்கியிருக்கும் என்று யோசியுங்கள். நம் வீட்டுப் பெரியவருக்கும் இப்படிச் செய்யலாமே என்று தோன்றியது.

எம்பாமிங் வந்ததும் படிப்பு வந்தது, லைசென்ஸ் வந்தது. 1882இல் தேசிய அளவில் ஃபியூனரல் டைரக்டர்கள் சங்கம் வைத்தார்கள். 1894இல் வர்ஜீனியா சட்டம் போட்டது, மற்ற மாநிலங்களும் பின்னாலேயே போட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடுகள் சின்னதாக ஆயின, மருத்துவமனையில் சாவது வழக்கமானது, உடலை வீட்டுக்குக் கொண்டுவருவது குறைந்தது. அப்போதுதான் இந்தக் குடும்பங்கள் ஊரில் விலைக்கு வந்த பெரிய பணக்கார வீடுகளை வாங்கி, கீழே காரியம் நடத்தும் அறைகள், மாடியில் தங்கள் குடித்தனம் என்று வைத்துக்கொண்டார்கள். நீங்கள் பார்த்த தூண் வைத்த வெள்ளை வீடு அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல சிற்றூர்களில் ஆம்புலன்ஸும் இவர்களுடையதுதான். ஒருவரைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிற வண்டி ஊரில் இவர்களிடம் மட்டுமே இருந்தது. 1966இல் வந்த புகழ்பெற்ற தேசிய அறிக்கை ஒன்று நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் பாதியை ஏறத்தாழ 12,000 சவ அடக்கத் தொழில்காரர்கள்தான் நடத்துகிறார்கள் என்று சொன்னது. எழுபதுகளில் பயிற்சி விதிகள் கடுமையான பிறகுதான் அதை விட்டார்கள். நெஞ்சு வலி என்று நடுராத்திரி கூப்பிட்டாலும் அதே ஆள், மூச்சு நின்ற பிறகு கூப்பிட்டாலும் அதே ஆள். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா அந்தப் பெயர் மேல் வைத்திருந்த நம்பிக்கை இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வந்தது, அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் மாநிலத்து லா போர்ட் ஊருக்கும் ஒரு கதை உண்டு. கேன்சஸ் சிட்டி அண்டர்டேக்கர் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் தன் ஊர் டெலிபோன் ஆபரேட்டர் சாவுச் செய்திகளைப் போட்டிக்காரருக்கே திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டு, ஆபரேட்டரே இல்லாத தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். காரணம் எதுவானாலும் காப்புரிமை 1891இல் கிடைத்தது, உலகின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1892 நவம்பரில் லா போர்ட்டில்தான் திறக்கப்பட்டது. ஒரு சாவுச் செய்தி யாருக்கு முதலில் போகிறது என்பதில் அவ்வளவு பிழைப்பு அடங்கியிருந்தது.

சரி, தேடுவது எப்படி. முதலில் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவிலும் எந்தக் கட்டடத்தில் என்ன தொழில் என்று குறித்திருப்பார்கள், அமெரிக்க காங்கிரஸ் நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அப்புறம் ஊர் டைரக்டரிகள். பழைய செய்தித்தாள்களுக்கு இந்தியானா மாநில நூலகத்தின் ஹூசியர் ஸ்டேட் கிரானிக்கிள்ஸ் இருக்கிறது. மரண அறிவிப்புகளை வருஷ வாரியாகப் பார்த்தாலே ஹோமின் பெயர் எப்போது மாறியது, எப்போது இரண்டு பெயர் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். கட்டடத்தின் பத்திரங்கள் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில். இப்போதைய உரிமையாளருக்கு மாநிலத்தின் கம்பெனிப் பதிவுத் தளமான இன்பிஸில் ஹோமின் பெயரைப் போடுங்கள். அது வேறொரு கம்பெனியின் வியாபாரப் பெயராக மட்டும் பதிவாகியிருந்தால் பின்னால் இருப்பது யார் என்று அங்கேயே வரும். கவுண்டி வரலாற்றுச் சங்கத்தையும் ஒரு தடவை கேளுங்கள். பழைய ஹோம்கள் தங்கள் கணக்குப் பேரேடுகளை அங்கே கொடுத்திருப்பது உண்டு. எங்களிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பெட்டிக்கு இவ்வளவு, கையுறைக்கு இவ்வளவு, குதிரைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி. சில வரிகளுக்கு நேரே பணத்துக்குப் பதில் சோளம், விறகு என்று எழுதியிருக்கும், சில வரிகளில் ஒன்றுமே இருக்காது.


ஜாக்சன்_குமரன்:

ஏட்டுச்சுவடி ஐயா அருமையாகச் சொல்லிவிட்டார். குடும்பங்கள் கையை விட்டு எப்படிப் போனது என்ற பகுதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் இருக்கும் மிசிசிப்பியில்தான் அதற்கு ஒரு பெரிய வழக்கு நடந்தது.

முதலில் இரண்டு பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ராபர்ட் வால்ட்ரிப், ஹியூஸ்டனில் குடும்பத்தின் ஹைட்ஸ் ஃபியூனரல் ஹோமைச் சின்ன வயதிலேயே எடுத்து நடத்தியவர், 1962இல் சர்வீஸ் கார்ப்பரேஷன் இன்டர்நேஷனல், சுருக்கமாக எஸ்சிஐ, ஆரம்பித்தார். இன்னொருவர் கனடாவின் ரே லோவன், மானிட்டோபாவில் ஸ்டைன்பாக் என்ற சிற்றூரில் அப்பா நடத்திய ஃபியூனரல் ஹோமில் வளர்ந்தவர். கவனியுங்கள், வெளியிலிருந்து வந்த பணக்காரர்கள் யாரும் இதை ஆரம்பிக்கவில்லை. இரண்டு பேருமே இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தான். ஒரு ஹோம் எப்படி நடக்கிறது, வயதான உரிமையாளருக்கு என்ன கவலை, அவர் பிள்ளைகள் ஏன் தொழிலுக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒரே பகுதியில் நாலைந்து ஹோம்களை வாங்கினால் ஒரே எம்பாமிங் அறை, ஒரே அமரர் ஊர்தி, ஒரே கணக்கு அலுவலகம் போதும் என்பது கணக்கு. பலகையில் பழைய பெயரை அப்படியே விட்டுவிடுவார்கள், பழைய உரிமையாளரையும் சில வருஷம் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார்கள். ஹோமை வாங்கக் கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி அந்தப் பெயருக்குத்தான்.

இனி வழக்குக்கு வருவோம். பிலாக்ஸி ஊரில் ஜெரமையா ஓகீஃப் என்று ஒருவர். இரண்டாம் உலகப் போரில் ஏழு ஜப்பானிய விமானங்களைச் சுட்டு வீழ்த்திய மரைன் படை விமானி, அப்புறம் எழுபதுகளில் ஊர் மேயர். குடும்பத் தொழில் ஃபியூனரல் ஹோம்களும், அதோடு இறுதிச் செலவுக்கான ஒரு சின்ன இன்ஷூரன்ஸ் கம்பெனியும். தலைநகர் ஜாக்சனில் ஒரு பழைய ஹோமோடு அவருக்கு ஒப்பந்தம் இருந்தது, அங்கே அவருடைய பாலிசி மட்டும்தான் விற்க வேண்டும் என்று. 1990 வாக்கில் அந்த ஹோமை லோவன் குழுமம் வாங்கியது, கடற்கரைப் பக்கத்தில் ஓகீஃபின் போட்டி ஹோமையும் வாங்கியது, தகராறு வந்தது. 1991இல் சமாதானம் பேசி, ஓகீஃப் இரண்டு ஹோம்களை லோவனுக்கு விற்பது, பதிலுக்கு லோவன் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கொடுப்பது என்று கைமாற்று பேசிக்கொண்டார்கள். லோவன் தரப்பு அதை முடிக்காமல் இழுத்தது. மொத்தமாகப் பார்த்தால் சில மில்லியன் டாலர் விவகாரம்.

1995இல் ஹைண்ட்ஸ் கவுண்டி நீதிமன்றத்தில் ஏழு வாரம் நடந்தது. ஓகீஃபுக்காக வாதாடியது வில்லி கேரி, பழத்தோட்டக் கூலிகளின் குடும்பத்தில் பிறந்து பெரிய வக்கீலானவர். வெளியூர்க் கம்பெனி சிற்றூர்க் குடும்பத்தை நசுக்குகிறது, துக்கத்தில் இருப்பவர்களிடம் விலையை ஏற்றுகிறது என்பதை ஜூரி மனதில் பதிய வைத்தார். ஜூரி 100 மில்லியன் நஷ்டஈடு, 400 மில்லியன் தண்டனைத் தொகை, ஆக 500 மில்லியன் டாலர் என்று தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீடு செய்யும்போது பணத்தை வசூலிக்காமல் நிறுத்தி வைக்க மிசிசிப்பி விதிப்படி 125 சதவீதம், அதாவது 625 மில்லியன் ஜாமீன் கட்ட வேண்டும். லோவனால் முடியவில்லை. 1996 ஜனவரியில் 175 மில்லியனுக்குச் சமாதானம் ஆனது.

இதில் நீதி நடந்ததா என்று கேட்டால், என் கருத்தில் பாதிதான். வழக்கில் கம்பெனியின் கனடா பூர்வீகத்தையும் இனத்தையும் இழுத்தார்கள். லோவன் பிறகு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்க அரசின் மேலேயே வழக்குப் போட்டபோது நடுவர் மன்றம் அந்த விசாரணை நடந்த விதத்தைக் கடுமையாகக் கண்டித்தது, ஆனாலும் வேறு காரணங்களால் 2003இல் லோவனின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. அதற்குள் கம்பெனியே கவிழ்ந்துவிட்டது. 1,100 ஹோம்களுக்கு மேல் கடன் வாங்கியே வாங்கிப் போட்டிருந்தார்கள், 1999 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டார்கள். 2002இல் ஆல்டர்வுட்ஸ் என்ற பெயரில் மறுபடி எழுந்தது, 2006இல் அதை எஸ்சிஐ வாங்கிவிட்டது. 2013இல் நியூ ஆர்லியன்ஸின் ஸ்டூவர்ட் நிறுவனத்தையும் எஸ்சிஐயே வாங்கியது. ஒரே ஹோம், ஒரே பலகை, ஆனால் பின்னால் முதலாளி மூன்று தடவை மாறியிருப்பான், ஊருக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இந்தத் தென்பகுதியில் கறுப்பின மக்களின் ஃபியூனரல் ஹோம்கள் தனி வரலாறு. வெள்ளைக்காரர் சம்பளத்தை நம்பி இல்லாத, சொந்த வருமானம் உள்ள மிகச் சில கறுப்பின முதலாளிகளில் இவர்களும் இருந்தார்கள், அதனால் உரிமைப் போராட்டத்தில் துணிந்து நிற்க முடிந்தது. அலபாமாவின் பர்மிங்ஹாம் ஊர் ஏ.ஜி. காஸ்டன் அப்படிப்பட்டவர். 1955இல் எம்மட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையன் மிசிசிப்பியில் வெள்ளைக்காரர்களால் கொல்லப்பட்டபோது டட்வைலர் என்ற சிற்றூர் ஹோமில்தான் உடலைச் சிகாகோ ரயிலுக்குத் தயார் செய்தார்கள். சிகாகோவில் ரேனர் ஹோம் அந்தத் தாயின் விருப்பப்படி பெட்டியைத் திறந்து வைத்தது. சிதைந்துபோன அந்த முகத்தை உலகமே பார்த்தது. அப்படிப்பட்ட முடிவை ஹியூஸ்டனிலோ வான்கூவரிலோ இருக்கும் தலைமை அலுவலகத்தைக் கேட்டு எடுக்க வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.


கணக்குப்பிள்ளை:

குமரன் தம்பி எழுதியது எல்லாம் சரி, ஆனால் மறுபக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான் இதே துறையில் விற்பனைக்கு வருகிற ஹோம்களின் கணக்கைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன், பெரிய கம்பெனிக்காகவும் பார்த்திருக்கிறேன், குடும்பங்களுக்காகவும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம், நாட்டில் பத்தில் ஒன்பது ஹோம்கள் இன்னமும் தனிநபர்கள், குடும்பங்கள், சின்னக் கம்பெனிகள் கையில்தான். எஸ்சிஐ எல்லாவற்றிலும் பெரியது, ஏறத்தாழ 1,500 ஹோம்கள், அவ்வளவுதான். ஆகவே எல்லாம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, குடும்பங்கள் ஏன் விற்கின்றன? பேராசை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1970இல் அமெரிக்காவில் தகனம் நூற்றுக்கு ஐந்துதான். 2015 ஒட்டி அடக்கத்தைத் தாண்டிவிட்டது, இப்போது அறுபது சதவீதத்துக்கும் மேல். பெட்டி இல்லை, எம்பாமிங் இல்லை, நேரடித் தகனம் என்றால் வருமானம் மூன்றில் ஒன்றுகூட வராது. ஆனால் கட்டடத்துக்கு அதே வரி, கூரைக்கு அதே செலவு, இருபத்து நாலு மணி நேரமும் போன் எடுக்க ஆள் வேண்டும். ஊரில் ஜனத்தொகையும் குறைகிறது. வருஷத்துக்கு அறுபது எழுபது சாவு வருகிற ஊரில் ஒரு குடும்பம் கிறிஸ்துமஸ் அன்றுகூட வெளியூர் போக முடியாது. நான் பார்த்த ஒரு பெரியவர் கையெழுத்துப் போடும்போது சொன்னார், என் மகன் என்னோடு ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை, அவன் பிள்ளைகளுக்காவது அது கிடைக்கட்டும் என்று. அவருக்குத் தன் பெயர் பலகையில் இருக்க வேண்டும் என்று ஆசை, வாங்கியவருக்கும் அதே தேவை. ஒப்பந்தத்தில் பெயர் உரிமை, அதே பகுதியில் மறுபடி தொழில் தொடங்கக் கூடாது என்ற ஷரத்து, இரண்டும் கட்டாயம் இருக்கும். அதனால்தான் குடும்பம் ஊரிலேயே இருந்தாலும் அந்தத் தொழிலில் பார்க்க முடியாது.

பெயரை வைத்துக்கொள்வது தப்பில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் விற்றுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் குடும்பமே நடத்துவது மாதிரி விளம்பரம் செய்தால் அது மக்களை ஏமாற்றுவது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஃபெடரல் ஃபியூனரல் விதிகளில் உரிமையாளர் யார் என்று சொல்ல வேண்டும் என்ற ஷரத்து கிடையாது. மாநிலச் சட்டங்கள் ஆளுக்கு ஒரு மாதிரி. கேட்டால் சொல்வார்கள், கேட்க வேண்டும்.


வள்ளியக்கா_டேடன்:

மேப்பிள்தெரு தம்பி, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள்.

அப்பா அம்மாவைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்காக எழுதுகிறேன். எங்கள் மாமியார் இங்கே எங்களோடு இருந்தபோதுதான் காலமானார். முதலில் கூப்பிட்ட இடத்தில் போனிலேயே தகனத்துக்கு எம்பாமிங் கட்டாயம், மரப்பெட்டி கட்டாயம் என்றார்கள். இரண்டுமே உண்மை இல்லை. 1984 முதல் ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி அமலில் இருக்கிறது. நேரில் போய்க் கேட்டால் விலைப்பட்டியலை உங்கள் கையில் கொடுத்தாக வேண்டும், போனில் கேட்டாலும் விலை சொல்லியாக வேண்டும், வேண்டியதை மட்டும் தனித்தனியாக வாங்கலாம், நேரடித் தகனத்துக்கு விலை கூடிய சவப்பெட்டி கட்டாயம் என்று சொல்லவே கூடாது, அட்டை அல்லது சாதா பலகைப் பெட்டி போதும். வெளியே வாங்கிய பெட்டியையும் அவர்கள் மறுக்கவோ அதற்குத் தனிக் கட்டணம் போடவோ கூடாது. இதெல்லாம் குடும்பம் நடத்துகிற இடத்துக்கும் பொருந்தும், கம்பெனி நடத்துகிற இடத்துக்கும் பொருந்தும்.

அடுத்து நாங்கள் போனது பக்கத்து ஊரில் அப்பாவும் மகளும் நடத்துகிற சின்ன இடம். அந்தப் பெண் எங்களுக்கு முன்னால் எந்த இந்துக் குடும்பத்துக்கும் செய்ததில்லை. உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டார். வாய்க்கரிசி என்றால் என்ன, யார் யார் போடுவார்கள், எண்ணெய் விளக்கு எந்தப் பக்கம், தலை தெற்கே இருக்க வேண்டுமா, எல்லாம். ஹாலில் விளக்கு ஏற்றும்போது புகை அலாரம் அடிக்கும் என்று தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவைத்தார். குளிப்பாட்டிப் புடவை கட்ட நானும் என் நாத்தனாரும் உள்ளே போகலாமா என்று தயங்கித்தான் கேட்டோம். அவர் வெந்நீர் எடுத்து வைத்து, மஞ்சள் கறை படாமல் இருக்க ஒரு பழைய துணியைக் கீழே விரித்து, கதவை மூடிவிட்டு வெளியே நின்றார். தகனக்கூடம் அவர்களுடையது இல்லை, நாற்பது நிமிஷம் தள்ளி வேறொருவருடையது. அங்கேயும் கூடவே வந்தார். கொள்ளி வைப்பதற்குப் பதில் என் வீட்டுக்காரர் தகன உலையின் பொத்தானை அழுத்தும்போது அவர் கை நடுங்கியது, இந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், ஒன்றும் பேசவில்லை.

அதனால் என்னைக் கேட்டால் உரிமையாளர் யார் என்பதைப் போலவே, அன்றைக்கு வரப்போகிறவர் யார், அவருக்குத் தானாக முடிவெடுக்கிற அதிகாரம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கம்பெனி இடத்திலும் தங்கமான ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் விளக்கு ஏற்றலாமா என்பதற்கு மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால், நமக்கு இருக்கும் நேரத்தில் அது நடக்கிற காரியமா? இப்போதே, எல்லோரும் நன்றாக இருக்கும்போதே, போய்ப் பார்த்து வைத்துவிடுங்கள். பல மாநிலங்களில் இறந்து 24 அல்லது 48 மணி நேரம் கழித்துத்தான் தகனம் செய்ய முடியும், அதிகாரியின் அனுமதியும் வேண்டும், ஊரில் மாதிரி சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.


மேப்பிள்தெரு:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஏட்டுச்சுவடி ஐயா சொன்னபடி சான்பார்ன் வரைபடத்தில் தேடினேன். எங்கள் மெயின் ஸ்ட்ரீட்டில், இப்போது பேங்க் இருக்கும் மூலையில், ஃபர்னிச்சரும் அண்டர்டேக்கிங்கும் என்று ஒரே கட்டத்தில் எழுதியிருக்கிறது! பின்பக்கம் லாயமும் இருக்கிறது. வெள்ளை வீடு அப்புறம்தான் வாங்கியிருக்கிறார்கள். இன்பிஸில் பார்த்தால் அவர் சொன்ன மாதிரியே, குடும்பப் பெயர் வெறும் வியாபாரப் பெயராகத்தான் பதிவாகியிருக்கிறது, பின்னால் இருப்பது அந்தப் பில்லில் இருந்த கம்பெனி.

வள்ளியக்கா, நீங்கள் எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். இந்த வார இறுதியில் இரண்டு இடங்களுக்குப் போய் விலைப்பட்டியல் வாங்கி வரப்போகிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பக்கத்து வீட்டு அம்மா தனக்கும் அதே ஹோமில் பல வருஷம் முன்பே முழுப் பணத்தையும் கட்டி வைத்திருக்கிறாராம், அந்தக் குடும்பம் நடத்திய காலத்தில். இப்போது முதலாளி மாறிவிட்டதால் அந்தப் பணம் என்ன ஆகும் என்று தூங்காமல் இருக்கிறார்.


கணக்குப்பிள்ளை:

பணம் பொதுவாகப் போய்விடாது, அந்த அம்மாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். முன்பணத் திட்டங்களில் கட்டிய பணம் பெரும்பாலும் டிரஸ்ட் கணக்கிலோ இன்ஷூரன்ஸ் பாலிசியாகவோ இருக்கும், ஹோமை வாங்குகிறவர் வழக்கமாக அந்த ஒப்பந்தங்களையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறார். ஒப்பந்தத் தாளை எடுத்து மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். பணம் எந்த டிரஸ்டில் அல்லது எந்தப் பாலிசியில் இருக்கிறது, எண் என்ன. விலை உத்தரவாதம் உள்ளதா, இல்லையா, ஏனென்றால் உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தம் என்றால் அன்றைய விலைக்கு மிச்சத்தைப் பிள்ளைகள் கட்ட வேண்டியிருக்கும். வேறு ஹோமுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஷரத்து இருக்கிறதா, பல மாநிலங்களில் அது அனுமதிக்கப்படுகிறது. மூன்றுக்கும் பதிலைக் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் இந்தியானாவில் ஃபியூனரல் ஹோம்களுக்கென்றே மாநில லைசென்ஸ் போர்டு இருக்கிறது, ஆனால் புகாரை வாங்குவது மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம், அங்கே புகாரோடு ஒப்பந்தத்தின் நகலையும் வைத்து அனுப்புங்கள். தாள் கிடைக்கவில்லை என்றால் பழைய செக்கின் நகலைத் தேடி எடுங்கள், கண்டுபிடிக்க அது உதவும்.